பள்ளிக்கூடம்தானே என்று விட்டுவிடும் மழைநீர் பர்மிட்: கலிபோர்னியா பள்ளி மாவட்டங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளி மாவட்டம் என்பது நம் ஊர் கல்வி அலுவலகம் போல ஓர் அரசுத் துறையின் கிளை அல்ல. சொந்த நிலம், சொந்த பஸ்கள், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் வாரியம் என்று அது தனி அரசாங்கமாகவே இயங்கும். ஆனால் மழைநீர் பர்மிட், அதாவது தன் நிலத்தில் பெய்த மழைநீர் வெளியே ஓடுவதற்கு வாங்க வேண்டிய அனுமதி, என்று பேச்செடுத்தால் மட்டும், "நாங்க பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவங்க, தொழிற்சாலையா நடத்துறோம்?" என்ற குரல் எழும். பெரும்பாலான தவறுகளுக்கு ஊற்றுக்கண் இந்த நினைப்புதான். 1972இன் தூய நீர்ச் சட்டமும், அதில் மழைநீரைத் தனியாகச் சேர்த்த 1987 திருத்தமும், அதன்கீழ் 1990, 1999 ஆண்டுகளில் வந்த விதிகளும் பார்ப்பது வேறொன்றை: அந்த நிலத்தில் என்ன வேலை நடக்கிறது, அதன் மேல் பெய்த மழை எதை அள்ளிக்கொண்டு எங்கே போகிறது?

எங்கே போகிறது என்பதிலேயே பலருக்குக் குழப்பம். மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் வேறு வேறு என்று சென்னைவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கலிபோர்னியாவிலும் பெரும்பாலான ஊர்களில் அப்படித்தான். சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகாலில் இறங்குவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓடைக்கோ கடலுக்கோ போய்விடும்.

கட்டுமானத்தில் வரும் முதல் தவறு ஏக்கர் கணக்கு. ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ மண்ணைக் கிளறினால் மாநிலத்தின் கட்டுமானப் பொது பர்மிட் (எல்லாக் கட்டுமான வேலைக்கும் பொதுவான விதிகள் கொண்ட அனுமதி) வேண்டும். 2023 செப்டம்பர் 1 முதல் அமலில் இருப்பது அதன் புதிய வடிவம். "ஏக்கர் எல்லாம் பெரிய வேலைக்கு, நாங்க மைதானத்தை மட்டும்தான் மாத்துறோம்" என்பார்கள். அமெரிக்க ஃபுட்பால் மைதானம் கோட்டுக்குள் மட்டுமே 360 அடிக்கு 160 அடி, அதாவது 57,600 சதுர அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடிதான். புல்லைத் தோண்டி எடுத்து, சரளை அடுக்கு போட்டு, குழாய் பதித்துச் செயற்கைப் புல் விரித்தால் அந்த ஒரு மைதானமே வரம்பைத் தாண்டிவிடும். சுற்றியுள்ள ஓட்டப்பாதையைச் சேர்க்கவே வேண்டாம். அடியிலுள்ள மண்ணைத் தொடாமல் பழைய தாரின் மேல் புதுத் தார் போடுவது இந்தக் கணக்கில் வராது. இந்த விலக்கை நீட்டி நீட்டி எல்லாவற்றையும் "பராமரிப்பு வேலை" என்று எழுதிக்கொள்வதும் ஒரு தவறுதான்.

இதைவிடச் சாமர்த்தியமாகச் செய்யப்படும் தவறு, வேலையைத் துண்டு போடுவது. இந்தக் கோடையில் அரை ஏக்கரில் கார் நிறுத்துமிடம், அடுத்த கோடையில் முக்கால் ஏக்கரில் வகுப்பறைகள். இரண்டும் ஒரே திட்ட வரைபடத்தில் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது ஒரே வேலை. ஒவ்வொரு துண்டும் ஒரு ஏக்கருக்குள் இருந்தாலும் பர்மிட் தேவை. கட்டடச் செலவுக்கான கடன் பத்திரத்துக்கு மக்களிடம் ஓட்டுக் கேட்கும்போது முழுத் திட்டத்தையும் வண்ணப்படமாகக் காட்டிவிட்டு, பர்மிட் நேரத்தில் இவை தனித்தனி வேலை என்று வாதாடுவது எடுபடாது.

அடுத்தது, "மாநிலக் கட்டடக் கலைஞர் அலுவலகம் ஒப்புதல் கொடுத்தாச்சே!" என்பது. அந்த அலுவலகம் நிலநடுக்கப் பாதுகாப்பு, தீ, மாற்றுத்திறனாளிகள் வசதி ஆகியவற்றைப் பார்க்கிறது. மழைநீர் பர்மிட்டைத் தருவது மாநில நீர்வள வாரியம். ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது, "அதெல்லாம் கான்ட்ராக்டர் பார்த்துக்குவார்" என்ற நம்பிக்கைதான். ஸ்மார்ட்ஸ் என்ற மாநில இணையதளத்தில் சட்டப்படிப் பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டியவர் நில உரிமையாளரான பள்ளி மாவட்டத்தின் அதிகாரி. கான்ட்ராக்டர் போய்விடுவார், கையெழுத்து இருக்கும். இந்த பர்மிட்டுக்குத் தேவையான மாசுத் தடுப்புத் திட்ட அறிக்கையைத் துறைக்காரர்கள் 'ஸ்விப்' என்பார்கள். அதை எழுதுவதற்கும் களத்தில் நடைமுறைப்படுத்துவதற்கும் தகுதிச் சான்று பெற்றவர்கள் வேண்டும். டெண்டரில் இந்தச் செலவைத் தனி வரியாகக் காட்டாத மாவட்டம், பின்னால் கூடுதல் வேலை என்று வரும் பில்லைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

ஸ்விப் அலமாரியில் இருந்தால் போதாது. வாராவாரம் களத்தைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும், ஒரு சொட்டு மழை இல்லாத ஜூலையிலும். அரை அங்குலமோ அதற்கு மேலோ மழை வரும் என்று முன்னறிவிப்பு இருந்தால் மழைக்கு முன்னும், பெய்யும்போதும், பின்னும் பார்க்க வேண்டும். கான்கிரீட் கலவை வண்டியைக் கழுவிய நீரை மண்ணில் ஊற்றுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதன் காரத்தன்மை பி.எச். 12ஐ ஒட்டி இருக்கும், மீனுக்கு அது விஷம்.

கட்டுமானமே இல்லாத மாவட்டமும் தப்பிக்க முடியாது. பஸ் யார்டைப் பாருங்கள். வண்டிகளை நிறுத்த மட்டும் பயன்படும் இடம் வேறு. ரிப்பேர், டீசல் நிரப்புதல், கழுவுதல் நடக்கும் இடம் வேறு. பள்ளி பஸ் போக்குவரத்துக்கு 4151 என்று தொழில் வகைக் குறியீடே இருக்கிறது. இரண்டாவது வகை யார்டு தொழிற்சாலைப் பொது பர்மிட்டுக்குள் வரக்கூடும். வந்துவிட்டால் ஜூலை முதல் டிசம்பர் வரை இரண்டு, ஜனவரி முதல் ஜூன் வரை இரண்டு என மழைநீர் மாதிரி எடுக்க வேண்டும். இதில் மாட்டிக்கொள்வது அரசு அதிகாரியிடம் மட்டுமல்ல. தூய நீர்ச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம். சட்டம் அனுமதிக்கும் உச்ச அபராதம் ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 60,000 டாலருக்கு மேல்.

நிதி திரட்ட மாணவர்கள் நடத்தும் கார் வாஷும் இதே கதைதான். சொந்த வீட்டு வாசலில் ஒருவர் தன் காரைக் கழுவுவதற்கு விதியில் இடமுண்டு. பள்ளி வாகன நிறுத்துமிடத்தில் வரிசையாக நிறுத்திக் கழுவி, சோப்பு நீரை வடிகாலுக்கு விடுவது பல ஊர்களில் அந்தச் சலுகையில் சேராது. வடிகால் வாயை மூடி நீரைப் புல்தரைக்குத் திருப்பலாம், அல்லது ஒரு கார் வாஷ் நிலையத்தின் கூப்பனை விற்றுக் காசு சேர்க்கலாம். நீச்சல் குளத்தைக் காலி செய்யும்போது குளோரினை நீக்காமல் வடிகாலில் விடுவதும், கேன்டீன் மிதியடிகளைப் பின்வாசலில் வைத்து அலசுவதும் இதே வகை.

கட்டடம் முடிந்து, ரிப்பன் வெட்டி, பிள்ளைகள் உள்ளே வந்தாயிற்று. பர்மிட் மட்டும் யாருக்கும் நினைவில்லாமல் திறந்தே கிடக்கும். வெறும் மண்ணில் செடியோ புல்லோ பிடித்து மண் அசையாத நிலை வந்ததும், படங்களோடு முடிவு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாதவரை ஆண்டுக் கட்டணமும் ஆண்டறிக்கையும் தொடரும், கையெழுத்திட்ட அதிகாரி ஓய்வு பெற்றுப் போன பிறகும்.