எரிவாயு உலைக்கு உட்காப்பு அமைக்கும் முறை

கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் கவாத்துக் கத்தியும் அரிவாளும் அடித்துப் பழக விரும்புகிறவர்களுக்குச் சொந்தமாகச் செய்துகொள்ளும் எரிவாயு உலை வசதியானது. நீலகிரியில் தலைமுறைகளாக இரும்படித்து வந்த கோத்தர்கள் துருத்தியையும் கரியையும் கொண்டே வேலை செய்தனர். கரியுலையில் இரும்பு நெருப்புக்குள்ளேயே கிடப்பதால் சுவர் எப்படி இருந்தாலும் வேலை நடந்துவிடும். எரிவாயு உலையிலோ, கனன்று நிற்கும் உட்சுவர்தான் இரும்புக்குச் சூட்டின் பெரும்பங்கைத் தருகிறது. ஆகவே பர்னரைவிட, உலையின் உட்பக்கத்தில் சூடு தாங்கும்படி அமைக்கும் உட்காப்புக்கே அதிகக் கவனம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலையின் வெளிக்கூடாக 250 மி.மீ. உள்விட்டமும் 350 மி.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய்த் துண்டு போதும். பழைய எரிவாயு சிலிண்டரை அறுத்துக் கூடு செய்வது வெடிவிபத்தில் முடியக்கூடும் என்பதால் புதியவர்கள் அதைத் தொட வேண்டாம். பர்னர் நுழையும் துளையை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

அடுத்து, கோவையில் வார்ப்படத் தொழிலுக்குப் பொருள் விற்கும் கடைகளில் 25 மி.மீ. தடிமனும் கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தியும் உள்ள செராமிக் ஃபைபர் போர்வையை, அதாவது சூடு தாங்கும் நுண்ணிழைகளால் ஆன மெத்தை போன்ற விரிப்பை, கேட்டு வாங்குங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் 1260 பாகை செல்சியஸ் என்பது தரக்குறியீடு மட்டுமே. நாள்தோறும் அந்தச் சூட்டில் வைத்தால் அது சுருங்கிவிடும். வெட்டும்போது பறக்கும் நுண்ணிழைகள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவற்றுடன் திறந்த வெளியில் மட்டுமே இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

போர்வையைக் கூட்டுக்குள் இரண்டு அடுக்காக வைக்க வேண்டும். முதல் அடுக்குக்குச் சுற்றளவு 785 மி.மீ., இரண்டாம் அடுக்குக்கு 628 மி.மீ.; ஒவ்வொன்றிலும் 10 மி.மீ. கூடுதலாக வெட்டினால் போர்வை தானே நெருக்கிக்கொண்டு, பசையில்லாமலே கூட்டில் நிற்கும். இரு அடுக்குகளின் இணைப்புகளும் ஒரே இடத்தில் வராதபடி எதிரெதிரே வையுங்கள். பிறகு பர்னர் துளையைக் கத்தியால், உட்பக்கம் சற்று அகன்று இருக்கும்படி வெட்டுங்கள். மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் நீரில் கலந்திருக்கும் கூழ்மச் சிலிக்காக் கரைசலைத் தெளித்து உலரவிட்டால், விரலால் அழுத்தினால் குழியும் போர்வை அட்டைபோல் விறைக்கும்.

அதன்மேல் பூச வேண்டியது, நீரில் குழைத்தால் சிமெண்டுபோல் இறுகும் உயர்சூடு தாங்கும் கலவையான காஸ்டபிள். நீர் அதிகமானால் வலு குறையும் என்பதால், உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதத்தில் குழைத்து, போர்வையை லேசாக நனைத்துவிட்டு, 10 மி.மீ. கனத்தில் அழுத்திப் பூசுங்கள். செலவை மிச்சப்படுத்த இந்தப் பூச்சைத் தவிர்ப்பவர்களும் உண்டு. நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் பூசாத போர்வையிலிருந்து இழைகள் அனலோடு பட்டறைக் காற்றில் கலக்கும், பற்று வைக்கப் பயன்படும் வெண்காரமும் உருகிச் சொட்டி அதை அரித்துவிடும். வெண்காரம் விழும் அடித்தளத்தில் கனமான தீச்செங்கல் பலகை ஒன்றைப் பதிப்பது நல்லது.

மலையில் மிகுந்த பொறுமை வேண்டிய கட்டம் உலர்த்துவதுதான். பூசியதை ஈரத்துணியால் மூடி ஒரு நாள் இறுகவிட்ட பின், சமவெளியில் சில நாட்களில் உலர்வது, பனிமூட்டமும் சாரலும் உள்ள காலத்தில் இங்கே இரண்டு வாரம் ஆனாலும் உலராது. அதனால் உள்ளே 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, உலையின் வாயைச் செங்கல்லால் பாதி மூடி வையுங்கள். துடைத்த கண்ணாடித் துண்டை உலையின் வாயருகே பிடித்து, ஆவி படிகிறதா என்று பாருங்கள். ஆவி படிவது நிற்கும்வரை நெருப்பு மூட்டாதீர்கள். உள்ளே சிக்கிய நீர் திடீரென ஆவியானால் பூச்சு வெடித்துச் சிதறும்.

முதல் சூடேற்றத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஓரிரு நிமிடம் எரித்து, அணைத்து, ஆறவிட்டு, மறுபடியும் சற்று நேரம் கூட்டி எரிப்பதாகச் செய்யுங்கள். குளிருக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு உலையை எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

மயிரிழை விரிசல்கள் இயல்பானவை. வெள்ளைப் போர்வை கண்ணில் படும் அளவுக்குப் பெயர்ந்தால் அன்றே காஸ்டபிள் வைத்து அடையுங்கள். நெடுநாள் கடுஞ்சூடு பட்ட போர்வையில் தீங்கான படிகச் சிலிக்கா உருவாகும் என்பதால், அதைப் பெயர்த்தெடுக்கும்போது நன்றாக நனைத்து, முகக்கவசத்துடன் வேலை செய்து, பையில் கட்டி அகற்றுங்கள்.