கணித அசைன்மென்ட்: சேர்ந்து யோசிக்கலாம், எழுதுவது தனியாக

நண்பர்களோடு சேர்ந்து கணக்குப் போடுவதில் தப்பே இல்லை. ஹங்கேரியக் கணித மேதை பால் ஏர்டிஷ் 500க்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். ஆனால் அந்தக் கட்டுரைகளில் யாரோடு சேர்ந்து எழுதினார் என்பது முகப்பிலேயே இருக்கும். உங்கள் அசைன்மென்டின் மேல் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது, அதனால் உள்ளே இருக்கும் எழுத்தும் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் வேலை, அந்தப் பாடத்தின் விதியைப் படிப்பது. ஒரே துறையில் ஒரு ஆசிரியர் "தாராளமாகப் பேசுங்கள்" என்பார், இன்னொருவர் வீட்டில் எழுதும் தேர்வு கொடுத்துவிட்டு யாரிடமும் வாயே திறக்கக்கூடாது என்பார். புரியவில்லை என்றால் சமர்ப்பிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

குழுவில் உட்காரும் முன் ஒவ்வொரு கணக்கையும் கொஞ்ச நேரமாவது தனியாகப் போட்டுப் பாருங்கள். விடை வர வேண்டியதில்லை. எங்கே சிக்கியது என்று தெரிந்தால் போதும், அப்போதுதான் பேச்சு அந்த இடத்தைப் பற்றியதாக இருக்கும், இல்லாவிட்டால் நன்றாகப் போடுபவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொள்ளும் டிக்டேஷனாக முடிந்துவிடும்.

பேசும்போது பலகையில் எழுதுங்கள், முடிந்ததும் அழித்துவிடுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து வெற்றுத் தாளில், எதையும் பார்க்காமல், நிரூபணத்தை முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். நடுவில் நின்றுவிட்டால் அந்த வரி உங்களுக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பிப் போய்க் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் பார்த்தவரை இதைவிட நம்பகமான சோதனை கிடையாது.

கணிதத்தில் ஹின்ட் என்பது கொஞ்சம் ஆபத்தான பொருள். மற்ற பாடங்களில் ஒரு வரி உதவி ஒரு வரிதான், இங்கே அதுவே முழு விடையாக இருக்கலாம். பகா எண்களுக்கு முடிவில்லை என்று நிரூபிக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒருவர் "இருக்கும் பகா எண்களையெல்லாம் பெருக்கி 1 கூட்டிப் பார்" என்கிறார் என்று வையுங்கள். அவ்வளவுதான், கணக்கு முடிந்தது. மிச்சம் வெறும் எழுத்து வேலை. அதனால் உதவி செய்பவர் நீங்களாக இருந்தால் கேள்வியாகக் கொடுங்கள்: "பட்டியல் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டால் அதில் இல்லாத ஒன்றை எப்படி உருவாக்கலாம்?" வாங்குபவராக இருந்தால் விடையின் கீழே ஒரு வரி சேருங்கள்: "1 கூட்டும் யோசனை வகுப்புத் தோழர் இன்னார் சொன்னது." விதி பேச அனுமதிக்கும் பாடத்தில் இந்த வரியால் பொதுவாக மதிப்பெண் குறையாது, பின்னால் சந்தேகம் வந்தால் உங்களுக்குத் துணையாகவும் நிற்கும். புத்தகத்திலோ இணையத்திலோ கிடைத்த யோசனைக்கும் இதே கதைதான்.

எழுதி முடித்த விடைத்தாளை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், "சும்மா பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்றாலும். பல பல்கலைக்கழகங்களில் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் தண்டனை உண்டு. திருத்துபவர் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை: தேவையே இல்லாமல் தனியாகப் பிரித்து நிரூபித்த ஒரு நிலை (case) இரண்டு தாளிலும் இருக்கும், ஒரே வரியில் ஒரே குறி தப்பாக இருக்கும்.

ஏஐ சாட்பாட்டிடம் கேள்வியை அப்படியே ஒட்டி விடை வாங்குவதும் அடுத்தவர் தாளைப் பார்ப்பதும் ஒன்றுதான். ஒரு வரையறையை வேறு உதாரணத்தோடு விளக்கச் சொல்வது வேறு விஷயம், அதையும் விதி அனுமதித்தால் மட்டும்.

சரி, நாளை காலை கெடு, கணக்கு வரவில்லை. பெரும்பாலும் காப்பி நடப்பது இந்த நேரத்தில்தான். வந்தவரை எழுதுங்கள், "இந்தப் படியிலிருந்து அடுத்ததை என்னால் நிரூபிக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு, நிரூபிக்க முடியாத அந்த அடுத்த படியை உண்மை என எடுத்துக்கொண்டு மீதியை முடியுங்கள். ஓரளவு மதிப்பெண் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.