புது மெயிலுக்கு மாறுகிறீர்களா? பழையதை மூட அவசரப்படாதீர்கள்

மெயில் சேவையை மாற்றும்போது நடக்கும் சொதப்பல்கள் பெரும்பாலும் ஒரே குழப்பத்தில் இருந்துதான் கிளம்புகின்றன. முகவரி வேறு, அந்த முகவரிக்கு வந்த மெயில்கள் கிடக்கும் சர்வர் வேறு, அதைத் திறந்து படிக்கிற ஆப் வேறு. போனில் இருக்கும் ஜிமெயில் ஆப்பிலேயே யாஹூ கணக்கையும் சேர்த்துப் படிக்கலாம், அதனால் அது ஜிமெயில் கணக்காகிவிடாது. அதே மாதிரி ஆப்பை நீக்கிவிட்டுக் கணக்கையே மூடிவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கணக்கு அப்படியேதான் இருக்கும், மெயிலும் வந்துகொண்டேதான் இருக்கும்.

முதலில் பழைய கணக்கு பாப் முறையில் ஓடுகிறதா, ஐமேப் முறையில் ஓடுகிறதா என்று ஆப்பின் செட்டிங்ஸில் பாருங்கள். சர்வரில் இருக்கும் மெயிலை ஆப் எடுத்துக் காட்டும் இரண்டு வழிகள் இவை. பாப் என்றால் மெயில்கள் கணினிக்கு இறங்கிவிடும், சர்வரில் பிரதி வைக்கச் சொல்லாவிட்டால் அங்கே அழிந்தும் போகும். வருடக்கணக்கில் இப்படி ஒரே கணினியில் இறக்கி வைத்தவர், புதுச் சேவையின் 'இம்போர்ட்' பட்டனை அழுத்தினால் சர்வரில் இருக்கிற கொஞ்சநஞ்சம்தான் வந்து சேரும். மற்றதெல்லாம் அந்தக் கணினியிலேயே தூங்கும். ஐமேப்பில் ஆபத்து வேறு விதம். போனில் தெரிவது சர்வரில் இருப்பதன் பிம்பம்தான், இடம் போதவில்லையென்று போனில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும்.

மெயில்களைக் கொண்டுபோக எளிய வழி, தண்டர்பேர்ட் மாதிரி ஒரு மென்பொருளில் இரண்டு கணக்கையும் ஐமேப்பில் சேர்த்துவிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுப்பது. நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள். பாதியில் இணையம் போனாலும் பழைய இடத்தில் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும் இல்லையா? ஜிமெயிலிலிருந்து வெளியேறுபவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அதன் லேபிள்கள் ஐமேப்பில் போல்டர்களாகத் தெரியும், ஒரு மெயிலுக்கு இரண்டு லேபிள் இருந்தால் அது இரண்டு போல்டரிலும் இருக்கும், போதாக்குறைக்கு 'ஆல் மெயில்' என்ற போல்டரில் அதே மெயில் இன்னொரு தடவையும் வரும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நகலெடுத்தால் ஒரே மெயில் புது இடத்தில் மூன்று முறை உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைக்கும்.

ஐமேப்பில் வருவது மெயில் மட்டும்தான். கான்டாக்ட், காலண்டர், மெயிலைத் தானாகப் பிரித்துவைக்கும் ஃபில்டர், மெயிலின் அடியில் வரும் கையெழுத்து எதுவும் கூட வராது. கான்டாக்டை விகார்டு அல்லது சிஎஸ்வி கோப்பாகவும் காலண்டரை ஐசிஎஸ் கோப்பாகவும் தனியே இறக்கி ஏற்ற வேண்டும். ஃபில்டர்களைப் பொதுவாகப் புதிதாகத்தான் எழுத வேண்டியிருக்கும்.

பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் தானாக அனுப்பும் ஃபார்வர்டிங் போட்டாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. அது இனிமேல் வருவதை மட்டும்தான் அனுப்பும், ஏற்கெனவே வந்த மெயிலைத் தொடாது. ஸ்பாம் என்று தவறாக ஒதுக்கப்பட்ட மெயில் ஃபார்வர்டு ஆகாமல் பழைய கணக்கிலேயே தங்கிவிடலாம். அவ்வப்போது அந்த ஸ்பாம் பெட்டியையும் எட்டிப் பாருங்கள்.

ஆனால் உண்மையான தலைவலி இதெல்லாம் இல்லை. அந்தப் பழைய முகவரி உங்கள் வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி: வங்கி, வரி, படங்கள் சேமித்த இடம், போனின் கணக்கு என்று எதில் பாஸ்வேர்டு மறந்தாலும் மீட்பு லிங்க் அங்கேதான் போகும். பல தளங்கள் முகவரியை மாற்றச் சொன்னாலே முதலில் பழைய முகவரிக்கு ஒரு குறியீடு அனுப்பி உறுதி கேட்கும். கணக்கை மூடிய பிறகு இதைச் செய்ய முடியாது. அதனால் பழைய இன்பாக்ஸில் 'வெல்கம்', 'வெரிஃபை', 'பாஸ்வேர்டு', 'இன்வாய்ஸ்' போன்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள், மறந்தே போன கணக்குகள் வரிசையாக வரும். 'கூகுள் மூலம் உள்நுழை' என்று நுழைந்த தளங்களுக்குத் தனியாக ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டு அப்புறம் முகவரியை மாற்றுங்கள். டொமைன் (சொந்தமாக வாங்கிய இணையப் பெயர்) புதுப்பிப்பு, காப்பீடு மாதிரி சில மெயில்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் வரும், ஆகவே பழைய கணக்கு ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருப்பதே நல்லது.

உயிரோடு இருப்பது என்றால் அவ்வப்போது லாகின் செய்வது. கூகுள் தன் விதிப்படி 2 ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அழிக்கலாம். யாஹூ 2013-இல் பயன்படாமல் கிடந்த பெயர்களை வேறு ஆட்களுக்குக் கொடுத்தது, அவர்களில் சிலருக்கு முந்தைய உரிமையாளரின் மெயில்கள் வந்து விழுந்தன.

சொந்த டொமைனில் மெயில் வைத்திருப்பவர்களுக்கு முகவரி மாறாது, மெயில் புது இடத்துக்கு வர, எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை டொமைன் அமைப்பில் மாற்றினால் போதும். ஆனால் பழைய பதிவை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று சொல்லும் அதன் டிடிஎல் மதிப்பை முந்தின நாளே குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் மாற்றம் பரவும் வரை சில மெயில்கள் பழைய சர்வருக்கே போகும். உங்கள் டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான், இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகி நீங்கள் அனுப்பும் மெயில் ஸ்பாமுக்குப் போக வாய்ப்பு அதிகம். மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்பதைச் சரிபார்க்க உதவும் டிகிம் சாவியையும் புதுச் சேவையிடம் வாங்கிப் போட்டுவிட்டு, வேறொரு சேவையில் இருக்கும் முகவரிக்கு ஒரு சோதனை மெயில் அனுப்பி, அது இன்பாக்ஸில் விழுகிறதா என்று பாருங்கள்.