இரவு டயாலிசிஸ் மெஷின் விடாமல் கத்தியது: என் அனுபவம்

அம்மாவுக்கு வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ். இரவு எட்டு மணி நேரம், வயிற்றுக்குள் குழாய் வழியே 2 லிட்டர் திரவத்தை விட்டு, பிறகு வடிப்பது என நான்கு சுற்று, எல்லாம் மெஷினே பார்த்துக்கொள்ளும். போன மாதம் திடீரென்று நள்ளிரவில் 'வடிகால் குறைவு' (உள்ளே விட்ட திரவம் சரியாக வெளியே வரவில்லை) அலாரம், ஐந்து நாளில் ஒரே ஒரு இரவைத் தவிர.

முதலில் டியூப் மடிந்திருக்கும் என்று நினைத்து நீவிவிட்டேன். அப்புறம் கட்டில் உயரத்தை மாற்றினோம், புது டியூப் செட் போட்டோம், அம்மாவை இடப்பக்கம் வலப்பக்கம் என்று புரட்டியும் படுக்க வைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் இணைப்பையே கழற்றி மாட்டப் பார்த்தேன், நல்லவேளை கை வைக்கவில்லை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் கிருமி உள்ளே போக ஒரு வழி திறக்கிறது. மெஷின் வைப்பதில் உள்ள லாபமே இரவு ஒரு முறை மாட்டி, காலையில் ஒரு முறை கழற்றினால் போதும் என்பதுதான்.

அலாரம் வராத ஒரே இரவு, அம்மாவுக்கு அன்று காலை நன்றாக மலம் கழிந்திருந்தது. இதை நர்ஸிடம் சொன்னதும், "மலச்சிக்கல்தாங்க, குடல் நிறைஞ்சா கத்தீட்டரை, அதாவது வயித்துக்குள்ள இருக்கிற குழாயை அமுக்கும், நகர்த்தியும் விடும்" என்றார். எக்ஸ்ரேயிலும் அதுவே தெரிந்தது. காரணம் புதிதாக ஆரம்பித்த இரும்புச்சத்து மாத்திரை. டாக்டர் லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி கொடுத்தார் (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மெக்னீசியம் கலந்த பேதி மருந்து ஆகாது, கடையில் கேட்டு வாங்காதீர்கள்). மூன்றாம் நாளிலிருந்து அலாரம் இல்லை.

வடிந்த பையை மட்டும் தினமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறேன். கலங்கலாக இருந்தால் கிருமித் தொற்றாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிதான்.