வென்டிலேட்டரில் இருப்பவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கும் முறை

ஐசியுவில் தசை கரையும் வேகம் பலருக்கும் தெரிவதில்லை. 2013-இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், பத்தே நாளில் முன்தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்திருந்தது. கை கால்களை நாம் மடக்கி நீட்டிவிட்டால் மூட்டு இறுகாது, ஆனால் தசைக்கு அது போதாது. நோயாளி தானே முயல வேண்டும். அதனால் மயக்க மருந்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

"கண்ணைத் திறங்க, என்னைப் பாருங்க, நாக்கை நீட்டுங்க, தலையை ஆட்டுங்க, புருவத்தைத் தூக்குங்க." இந்த ஐந்தில் மூன்றைச் செய்தால் தொடங்கலாம். ரத்த ஆக்சிஜன் 90-க்கு மேல், வென்டிலேட்டர் தரும் ஆக்சிஜன் 60 சதவீதத்துக்குள், பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் நிறுத்தி வைக்கும் அழுத்தம்) 10-க்குள், மூச்சு நிமிடத்துக்கு 30-க்குள், நாடி 130-க்குள், சராசரி ரத்த அழுத்தம் 65-க்கு மேல் இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை உயர்த்தத் தரும் மருந்தின் அளவு ஏறிக்கொண்டிருந்தால் அன்று வேண்டாம்.

மூன்று பேர் தேவை. ஒருவர் வாய்வழியாகச் செருகிய சுவாசக் குழாயை மட்டும் பிடிப்பார். அவருக்கு வேறு வேலை தராதீர்கள். உதட்டருகே குழாய் எந்த எண்ணில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டர் நிற்கும் பக்கமாகவே திருப்புங்கள். சிறுநீர்ப் பையையும் அந்தப் பக்கம் மாற்றுங்கள். வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய நீரை முன்பே வடித்துவிடுங்கள், இல்லையேல் நிமிர்த்தும்போது அது நுரையீரலுக்குள் ஓடும். காற்று மெத்தையைக் கெட்டியாக்குங்கள். பெரும்பாலும் மறந்துபோவது இதுதான். மெத்தை அமுங்கினால் நோயாளி வழுக்கி இறங்கிவிடுவார்.

தலைப்பக்கத்தை 45 டிகிரி உயர்த்தி, சில நிமிடம் பொறுத்து, ரத்த அழுத்தம் பாருங்கள். நாட்கணக்கில் படுத்திருந்த உடம்பில் கால் தொங்கியதும் ரத்தம் கீழே தேங்கி அழுத்தம் சரியும். பிறகு ஒருக்களித்துப் படுக்கவைத்து, கால்களை இறக்கியபடியே தோளைத் தாங்கி எழுப்புங்கள். பாதம் தரையிலோ ஸ்டூலிலோ முழுதாகப் பதிய வேண்டும். தலையை நிமிர்த்தி வைக்கவும், முழங்காலை ஐந்து முறை நீட்டவும் சொல்லுங்கள்.

முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். நேரத்தைக் கூட்டினால் பலனும் கூடும் என்று எண்ண வேண்டாம்: 2022-இல் வெளிவந்த ‘டீம்’ (TEAM) என்ற ஐசியு ஆய்வில், தினம் சுமார் 21 நிமிடம் இயங்கவைத்தவர்களுக்கு, 9 நிமிடம் செய்தவர்களைவிட நன்மை கூடவில்லை, நாடிக் கோளாறும் அழுத்த மாற்றமும்தான் கூடின. தொடக்க அளவுகளில் ஒன்று மீறினாலோ, முகம் வெளிறினாலோ, வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டினாலோ உடனே படுக்க வையுங்கள்.

படுத்ததும் குழாயின் எண்ணை மறுபடி பாருங்கள். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகாலை மெத்தையிலிருந்து தூக்கிவிடுங்கள்.