"படம் எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்: மாணவர் ஆவணப்படமும் பார்வையாளர் கருத்தும்

இலங்கையிலிருந்து திரும்பி வந்து, கேரளத்தின் குளத்துப்புழையில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்யும் தமிழர்களைப் பற்றி மாணவர்களாக ஓர் ஆவணப்படம் எடுத்தோம். அதில் ஒரு ஷாட் இருந்தது. விடிவதற்கு முன், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒருவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவார். கத்தி போன வழியே வெள்ளைக் கோடாகப் பால் இறங்கி வந்து சிரட்டையில் சொட்டும். கல்லூரியில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் பாராட்டியது அந்த ஷாட்டைத்தான். அதையே குளத்துப்புழைத் தோட்டத்தில், ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டியபோது முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். தெரிந்த ஆளைத் திரையில் பார்த்த சந்தோஷம் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். படம் முடிந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா கேட்டார்: "எங்க மாமா எப்ப தம்பி இடது கைக்காரராயிட்டாரு?"

அடுத்த ஷாட்டோடு திசை ஒத்துப்போகட்டும் என்று எடிட்டிங்கில் அந்தக் காட்சியை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தோம். கை மாறியது ஒரு பக்கம். மரத்தில் இருந்த வெட்டும் மாறிவிட்டது. ரப்பர் மரத்துக்கு முன்னால் நின்று பார்த்தால், வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருக்கும். இந்தப் பக்கமாக வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். தினமும் முந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டுகிறவர்களிடம் போய், தப்பாக வெட்டிய மரத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறோம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

இப்போது செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து மாணவர்கள் யாராவது படம் எடுத்தால் திரையிடலுக்குக் கூடப் போகிறேன். நாங்கள் செய்த தவறுகளையே வேறு வேறு வடிவத்தில் பார்க்கிறேன். அவற்றில் பெரியது, முதல் திரையிடலைத் தப்பான கூட்டத்துக்கு வைப்பது.

வகுப்பு நண்பர்களுக்குப் படத்தின் கதை முன்னாலேயே தெரியும். ஆரியங்காவு வளைவில் பைக் பஞ்சர் ஆனது முதல், மழையில் மெமரி கார்டைச் சட்டைப்பைக்குள் ஒளித்தது வரை கேட்டிருப்பார்கள். படத்தில் இல்லாததையும் அவர்கள் மனதில் நிரப்பிக்கொண்டு பார்ப்பார்கள். "சூப்பர் மச்சி" என்பார்கள். அது நட்பு, கருத்து இல்லை. ஆசிரியர்கள் கேமரா நடுக்கத்தைச் சொல்வார்கள், சரி. ஆனால் எடுத்த விஷயம் சரியா என்று சொல்லக்கூடியவர் அந்த விஷயத்திலேயே வாழ்கிறவர்தான். அவருக்கும், விஷயமே தெரியாத ஒருவருக்கும், இருவருக்கும் போட்டுக் காட்ட வேண்டும். முதலாமவர் தகவல் பிழையைப் பிடிப்பார். மற்றவர் குழப்பத்தைப் பிடிப்பார்.

பிரெஞ்சு ஆவணப்படக்காரர் ழான் ரூஷுக்கு நடந்ததை தோட்டத்து அக்காவின் கேள்விக்குப் பிறகுதான் நான் படித்தேன். 1950களின் தொடக்கத்தில், நைஜர் ஆற்றில் சோங்காய் மக்கள் நீர்யானை வேட்டையாடுவதைப் படமாக்கினார். பின்னர் அதை அந்த வேட்டைக்காரர்களுக்கே திரையிட்டார். வேட்டைக் காட்சிக்குப் பின்னணியாக அவர்களுடைய வேட்டைப் பாட்டையே சேர்த்திருந்தார்; பெருமையாகச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருப்பார். வேட்டைக்காரர்கள் குறை சொன்னார்கள்: வேட்டையில் சத்தமே கூடாது, இப்படி இசை கேட்டால் நீர்யானை ஓடிவிடும். ரூஷ் இசையை எடுத்துவிட்டார். எடுத்த படத்தை எடுக்கப்பட்டவர்களிடமே காட்டிக் கேட்பதை அவர் பிறகு தன் வேலைமுறையாகவே ஆக்கிக்கொண்டார்.

முடித்துவிட்டுக் காட்டுவது

இரண்டாவது தவறு நேரம். டைட்டில், இசை, கலர், நன்றி அறிவிப்பு எல்லாம் போட்டு எக்ஸ்போர்ட் செய்த பிறகு கருத்துக் கேட்பார்கள். அந்த நிலையில் எதையும் மாற்ற மனம் வராது. காதில் விழுவதெல்லாம் குற்றச்சாட்டாகவே தெரியும். பார்க்கிறவர்களும் முடிந்துபோன கல்யாணத்தில் சாப்பாட்டுக்குக் குறை சொல்லக் கூசுவதுபோல் பேசாமல் இருந்துவிடுவார்கள். மெருகேறாத முதல் தொகுப்பான ரஃப் கட்டிலேயே காட்டுங்கள். இசை இல்லாமல், தற்காலிகக் குரலோடு, "இன்னும் வேலை இருக்கு" என்று சொல்லிக் காட்டினால் ஆட்கள் தாராளமாகப் பேசுவார்கள். திருவனந்தபுரத்தில் 2008 முதல் நடக்கும் சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு அனுப்பும் ஆசை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. கடைசித் தேதிக்கு முதல் நாள் ராத்திரி திரையிட்டுக் கருத்துக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு அந்த ராத்திரி தூங்கியிருக்கலாம்.

ஆனால் ஒன்று: ரஃப் கட்டாக இருந்தாலும் ஒலி காதில் விழ வேண்டும். தோட்டத்து மன்றத்தில் இரண்டு மின்விசிறி, ஒரு கைப்பெட்டி ஸ்பீக்கர். "ஒண்ணும் புரியல" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரைக்கதையையே மாற்றக் கிளம்பினோம். அவர்களுக்குப் புரியாதது படம் இல்லை, சத்தம்.

கேள்வியும் வாயும்

"படம் எப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு நம் ஊரில் ஒரே பதில்தான்: "நல்லா இருக்கு." வீட்டுக்கு வந்தவரிடம் சாம்பார் எப்படி என்று கேட்டால் உப்பு இல்லை என்றா சொல்வார்? கேள்வியை மாற்ற வேண்டும். வீட்டுக்குப் போனதும் இந்தப் படத்தைப் பற்றி என்ன சொல்வீர்கள்? யார் முகம் ஞாபகம் இருக்கிறது? எந்த இடத்தில் 'இவர் யார்?' என்று தோன்றியது? இன்னும் என்ன தெரிந்துகொள்ள ஆசை? இந்த மாதிரிக் கேள்விகளுக்கு "நல்லா இருக்கு" என்று பதில் சொல்ல முடியாது.

பதில் வரும்போது வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டம். "இல்லக்கா, அன்னைக்கு மழை, அதனாலதான்…" என்று ஒருவர் தொடங்கினால் போதும், அடுத்தவர் வாய் திறக்க மாட்டார். படம் வேறு ஊரில் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பற்றி நீங்கள் விளக்க முடியாது. படத்துக்கு முன் பத்து நிமிடம் முன்னுரை பேசுவதும் இதே தவறுதான். சொன்னதைக் கேட்டுவிட்டுப் பார்க்கிறவருக்குப் படத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரியாது.

பேச்சை மட்டும் நம்பாதீர்கள். குழுவில் ஒருவர் திரைக்குப் பக்கவாட்டில், கூட்டத்தைப் பார்த்து உட்காரட்டும். கையில் நோட்டு, நிமிடக் கணக்கு. எங்கள் நோட்டில் 7வது நிமிடத்துக்கு நேரே "போன் வெளிச்சம் 5" என்று இருந்தது. 9வது நிமிடத்தில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். பிறகு கேட்டபோது எல்லோரும் சொன்னது, "பேட்டி ரொம்ப நீளம்."

பேட்டியைப் பாதியாக வெட்டினோம். அடுத்த திரையிடலிலும் அதே 7வது நிமிடத்தில் போன் வெளிச்சம். அப்புறம்தான் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். பேட்டிக்கு முன்னால், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களை இரண்டு நாடுகளும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் பற்றி எங்கள் வர்ணனை வரும்: 1964 அக்டோபர் 30, சாஸ்திரி, சிறிமாவோ பண்டாரநாயக்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றி 1974இல் இன்னொரு ஒப்பந்தம். ஒரே மூச்சில் இத்தனை எண்கள். அதில் ஆள் தொலைந்துபோய், பேட்டி வரும்போது சலிப்பு வெளியே தெரிந்திருக்கிறது. எண்களைப் பிரித்தோம். முதலில் பேட்டி கொடுத்த தாத்தா தகரப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்கிறார்; அதன் பிறகு ஒரே ஒரு எண். வெட்டிய பேட்டியைத் திரும்ப முழுசாகச் சேர்த்தோம். அதன்பின் யாரும் நீளம் என்று சொல்லவில்லை.

காலில் எங்கே கல் இடறியது என்று பார்வையாளருக்குத் தெரியும். கல் எங்கிருந்து வந்தது என்று தேடுவது உங்கள் வேலை. அவர் சொல்லும் வைத்தியத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வது மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. "சோகமா ஒரு வயலின் போடுங்க" என்றால், அந்த இடத்தில் அவருக்குத் துக்கம் வரவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். வயலின் வேண்டாம்.

ஒரு சொல்

எல்லாக் கருத்தையும் ஒரே தட்டில் வைப்பதும் தவறு. நிறம், நீளம், இசை எல்லாம் ரசனை. பத்துப் பேரிடம் கேட்டு யோசிக்கலாம். தகவல் பிழையை ஒரே ஒருவர் சொன்னாலும் நின்று சரிபார்க்க வேண்டும்.

எங்கள் வர்ணனையில் "அகதிகளாக வந்திறங்கிய இந்த மக்கள்" என்று ஒரு வரி. கல்லூரியில் யாரும் கவனிக்கவில்லை. உருக்கமாக இருக்கிறது என்றார்கள். தோட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, நாங்க அகதி இல்ல. ரெண்டு கவர்மெண்டும் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட்டோட வந்தவங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் சொன்னது உணர்ச்சிப் பேச்சு இல்லை, சட்டம். ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள் தாயகம் திரும்பியோர். அவர்களில் சிலருக்கு வேலை கொடுக்கத்தான் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு, மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976இல் ரிஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற ரப்பர் நிறுவனத்தை அமைத்தன. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் அதற்குத் தோட்டங்கள் உண்டு. 1983க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்து தமிழ்நாட்டு முகாம்களில் தங்கியவர்களின் கதை வேறு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டோம். ஐம்பது வருஷம் வேலை செய்த ஊரில் பேரப்பிள்ளைகளை இன்னும் 'சிலோன்காரங்க' என்று கூப்பிடுகிறார்கள். அந்த எரிச்சலுக்கு மேல் நாங்கள் அகதி என்றும் சேர்த்திருக்கிறோம்.

எல்லையோரத்தில் படம் எடுப்பவர்களுக்கு மொழியிலும் ஒரு பொறி இருக்கிறது. மலையாளத்தில் பேசியவர்களுக்கெல்லாம் தமிழில் சப்டைட்டில் போட்டோம், கடமை முடிந்தது என்று. தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தமிழ் எழுத்தை வாசிக்கத் தெரியவில்லை. மலையாளப் பேச்சோ சப்டைட்டில் இல்லாமலே புரிந்தது. அவர்கள் திணறியது தாத்தாவின் பழைய தோட்டத் தமிழில்தான். லயம், கங்காணி, பேர் என்று அவர் பேசப் பேச, பேத்தி பக்கத்தில் இருந்தவளிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டே இருந்தாள். தமிழுக்கு மலையாளத்தில் சப்டைட்டில் தேவைப்படும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

சில சின்ன விஷயங்கள். குளத்துப்புழை சாஸ்தா கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போடுவதை எல்லோரும் ஷூட் செய்வார்கள். நாங்களும் செய்தோம், ஸ்லோ மோஷனில். "மீன் எதுக்கு?" என்று மூன்று ஊரில் மூன்று பேர் கேட்டார்கள். ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் விவாதம் வேண்டாம், எடுத்துவிடுங்கள். மாற்றங்களை அன்றைக்கு ராத்திரியே செய்யாதீர்கள். ஒரு நாள் போகட்டும். பழைய ஃபைலின் மேலேயே சேமிக்காமல் தேதி போட்டுத் தனியாக வையுங்கள். பேட்டியைத் திரும்பச் சேர்க்க முடிந்தது பழைய ஃபைல் இருந்ததால்தான்.

படத்தில் இருப்பவர் "அதை எடுத்துடுங்க" என்று கேட்டால் அதைக் கருத்து என்ற கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. ஒருவருடைய சம்பளச் சீட்டு க்ளோஸப்பில் வந்திருந்தது. படம் எடுக்கும்போது அவரேதான் நீட்டினார். ஊரார் நடுவில் உட்கார்ந்து பார்த்தபோது பிடித்தம் போக மிச்சத் தொகை எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்று கூசிப்போனார். படத்துக்கு நல்ல ஆதாரம்தான். எடுத்துவிட்டோம், காரணம் கேட்கவில்லை.

கேட்ட எல்லாவற்றையும் செய்ய வேண்டியதும் இல்லை. 'அகதி' போன பிறகு வர்ணனையை முழுசாக எழுதிப் புதுக் குரலில் பதிவு செய்தோம். அடுத்து நடந்த திரையிடல்களில் வர்ணனை இன்னும் கம்பீரமாக, பயிற்சி பெற்ற ஆண் குரலில் இருக்கலாம் என்று நாலைந்து பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் எங்கள் ஆசிரியர். யோசித்தோம், மாற்றவில்லை. அந்தக் குரல், இடது கையைக் கண்டுபிடித்த அக்காவின் மகளுடையது. பிளஸ் டூ படிக்கிறாள். நாங்கள் தமிழில் எழுதிக் கொடுத்ததை அவள் மலையாள எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டு வாசித்தாள். இரண்டு இடத்தில் தாள் திருப்பும் சத்தம்கூடக் கேட்கும்.