பென்டிரைவில் இருக்கும் கேம் சேவ் ஃபைலை பிஎஸ்2 மெமரி கார்டில் ஏற்றுவது எப்படி?

பிளேஸ்டேஷன் 2 எனும் பிஎஸ்2வின் முன்பக்கம் இரண்டு யுஎஸ்பி போர்ட் இருக்கிறதே, பென்டிரைவைச் செருகினால் வந்துவிடாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வராது. 2000இல் வந்த கன்சோல் அது. கீபோர்டு, மைக், ஐடாய் கேமரா மாதிரி சமாச்சாரங்களுக்குத்தான் அந்த போர்ட் பயன்பட்டது. மெமரி கார்டில் இருப்பதைக் காட்டும் சோனியின் பிரவுசர் திரை பென்டிரைவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும், அதன் பெயர் யூலாஞ்ச்எல்ஃப். இப்போது பராமரிக்கப்படும் பதிப்பை டபிள்யூலாஞ்ச்எல்ஃப் என்கிறார்கள், இரண்டுக்கும் மெனு ஒன்றுதான்.

அதைத் திறக்க ஃப்ரீ மெக்பூட் (கன்சோலில் உள்ள ஒரு ஓட்டை வழியே வெளி புரோகிராம்களை ஓடவிடும் மென்பொருள்) போட்ட மெமரி கார்டு தேவை. அதை நாமே தயாரிப்பது தனிக்கதை, இங்கே அதற்குள் போகவில்லை. ரெடிமேடாகவே ஆன்லைனில் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 64 எம்பி, 128 எம்பி என்று ஆசை காட்டும் கார்டுகள் பக்கம் போகாதீர்கள். ஒரிஜினல் கார்டின் அளவே 8 எம்பிதான், பெரிய கார்டுகள் சில கேம்களில் ஒழுங்காக வேலை செய்யாது, சேவ் கெட்டுப்போகவும் செய்யும். 8 எம்பி போதும். நிறைந்துவிட்டால் பழையதைப் பென்டிரைவுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

(பிற்சேர்க்கை: "கார்டு வாங்கிப் போட்டேன், ஒன்றுமே வரவில்லை" என்று கருத்துப் பெட்டியில் சிலர் எழுதியிருந்தார்கள். கன்சோலைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் எண் 9000 என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணாக இருந்து, டேட் கோடு 8டி அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் ஃப்ரீ மெக்பூட் ஓடாது. 8சி என்றால் சிலவற்றில் ஓடும், சிலவற்றில் ஓடாது. கடைசியாக வந்த அந்த ஸ்லிம் (மெலிந்த) மாடல்களில் சோனி அந்த ஓட்டையை அடைத்துவிட்டது. அவற்றுக்கு, அதே வேலையைச் செய்யும் ஓப்பன்டூனா போட்ட கார்டு வாங்க வேண்டும். அது ஆன் செய்ததும் தானாக வராது, பிரவுசருக்குள் போய் மெமரி கார்டைத் திறந்தால்தான் கிளம்பும்.)

முதலில் பென்டிரைவ்

முக்கால்வாசிப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பென்டிரைவ் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்க வேண்டும், பார்ட்டிஷன் (டிரைவைப் பகுத்து வைக்கும் முறை) எம்பிஆர் என்ற பழைய வகையாக இருக்க வேண்டும். இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. விண்டோஸ் இன்ஸ்டால் செய்ய ஒருமுறை பூட்டபிளாக்கிய பென்டிரைவ் என்றால் அது ஜிபிடி என்ற புது வகையாக மாறியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சும்மா ஃபேட்32 என்று ஃபார்மேட் செய்தாலும் ஜிபிடி போகாது, பிஎஸ்2வில் காலியாகவே காட்டும், நீங்கள் போர்ட் போய்விட்டது என்று நினைத்துக் கன்சோலைத் திறக்கக் கிளம்பிவிடுவீர்கள்.

நான் இதற்கு ரூஃபஸ் என்ற விண்டோஸ் புரோகிராமைத்தான் சொல்வேன். பூட் செலக்‌ஷனில் நான் பூட்டபிள், பார்ட்டிஷன் ஸ்கீமில் எம்பிஆர், ஃபைல் சிஸ்டத்தில் ஃபேட்32, அப்புறம் ஸ்டார்ட். அவ்வளவுதான். விண்டோஸின் சொந்த ஃபார்மேட் விண்டோவில் 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 பொதுவாகக் காட்டாது, எக்ஸ்ஃபேட்டைத்தான் நீட்டும், பழைய யூலாஞ்ச்எல்ஃபுக்கு அது புரியாது. இதெல்லாம் வேண்டாம் என்றால் டிராயரில் கிடக்கும் பழைய 4 ஜிபி பென்டிரைவை எடுங்கள். புது யுஎஸ்பி 3 டிரைவ்களைவிட அவைதான் பிஎஸ்2வோடு ஒத்துப்போகின்றன. ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேவ் ஃபைல்

நமக்கு வேண்டியது பிஎஸ்யூ என்று முடியும் ஃபைல். இறக்கிய சேவ் ஃபைல் மேக்ஸ், சிபிஎஸ் என்று வேறு வகையில் இருந்தால் கம்ப்யூட்டரில் பிஎஸ்2 சேவ் பில்டர் என்ற புரோகிராமில் திறந்து பிஎஸ்யூவாகச் சேமியுங்கள். பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் (கம்ப்யூட்டரில் பிஎஸ்2 கேம்களை ஓட்டும் புரோகிராம்) ஆடியதை நிஜக் கன்சோலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், அதன் மெமரி கார்டு ஃபைலை மைஎம்சி என்ற சின்ன புரோகிராமில் திறந்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எமுலேட்டரில் எஃப்1 தட்டிச் சேமிக்கும் சேவ் ஸ்டேட் இதற்கு ஆகாது. அது எமுலேட்டரின் சொந்தச் சரக்கு, கன்சோலுக்கு அது என்னவென்றே தெரியாது. கேமுக்குள்ளேயே மெமரி கார்டில் சேமித்ததுதான் வேண்டும்.

ரீஜனையும், அதாவது டிஸ்க் எந்த நாட்டுக்கானது என்பதையும் பாருங்கள். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் அமெரிக்க டிஸ்கின் எண் எஸ்எல்யூஎஸ்-20946, ஐரோப்பிய டிஸ்க் எஸ்எல்இஎஸ்-52541. ஒன்றின் சேவ் ஃபைலை மற்றொன்று கண்டுகொள்ளாது. உங்கள் டிஸ்க்கில் எந்த எண் அச்சாகியிருக்கிறதோ அதே எண்ணுள்ள சேவ் ஃபைலைத் தேடி எடுங்கள். ஃபைல் பெயரைச் சின்னதாக, ஆங்கில எழுத்தில் வைத்து, பென்டிரைவில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியிலேயே வையுங்கள்.

இனி கன்சோலில்

கார்டை முதல் ஸ்லாட்டில் போட்டு ஆன் செய்யுங்கள். மெனுவில் யூலாஞ்ச்எல்ஃபைத் திறந்து ஃபைல் பிரவுசருக்குள் போங்கள். அங்கே எம்சி0 என்பது முதல் ஸ்லாட் கார்டு, எம்சி1 இரண்டாவது, மாஸ் என்பது பென்டிரைவ். எந்த பட்டன் ஓகே, எது பின்னால் போக என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறும், திரையின் அடியில் எழுதியிருக்கும், அதைப் பாருங்கள். மாஸைத் திறந்து காலியாக இருந்தால் பதறாமல் சில விநாடி பொறுத்து வெளியே வந்து மறுபடி திறங்கள், டிரைவை அடையாளம் காண அதற்கு நேரம் பிடிக்கும்.

உங்கள் பிஎஸ்யூ ஃபைல் மேல் நின்று ஆர்1 அழுத்துங்கள். மெனு வரும், காப்பி கொடுங்கள். வெளியே வந்து எம்சி0 உள்ளே போங்கள், மறுபடி ஆர்1.

இப்போது கை தானாக பேஸ்ட் மேல் போகும். அதைத் தொடாதீர்கள். அதே மெனுவில் கீழே பிஎஸ்யூ பேஸ்ட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதைக் கொடுங்கள். சாதா பேஸ்ட் கொடுத்தால் பார்சலைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்த மாதிரி, பிஎஸ்யூ ஃபைல் அப்படியே கார்டில் போய் உட்காரும். எர்ரர் எதுவும் வராது, கார்டில் இடமும் குறையும், ஆனால் கேமைத் திறந்தால் சேவ் இருக்காது. பிஎஸ்யூ பேஸ்ட்தான் அதைப் பிரித்து உள்ளே ஐகான், டேட்டா எல்லாம் வைத்த ஃபோல்டராகப் போடும். முடிந்ததும் எம்சி0 உள்ளே எஸ்எல்யூஎஸ் அல்லது எஸ்எல்இஎஸ் எண் கொண்ட ஒரு ஃபோல்டர் தெரிய வேண்டும். பிஎஸ்யூ என்று முடியும் ஃபைலே தெரிந்தால் சாதா பேஸ்ட் விழுந்திருக்கிறது, அதை டிலீட் செய்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

டிலீட் என்றதும் ஞாபகம் வருகிறது. இடம் பற்றவில்லை என்று கார்டில் கண்டதையும் அழிக்காதீர்கள். பூட், சிஸ்-கான்ஃப், அப்புறம் எக்ஸெக்-சிஸ்டம் என்று முடியும் ஃபோல்டர்கள், இவையெல்லாம் ஃப்ரீ மெக்பூட்டின் உயிர். அழித்தால் அடுத்த முறை கன்சோல் சாதாவாகத்தான் ஆன் ஆகும். முடிந்தால் அந்தக் கார்டை முதல் ஸ்லாட்டிலும் சேவ்களுக்கென்று வேறொரு கார்டை இரண்டாவது ஸ்லாட்டிலும் வைத்து, எம்சி1இல் பேஸ்ட் செய்யுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது பென்டிரைவையோ கார்டையோ உருவக்கூடாது. சேவ் எல்லாம் சில நூறு கேபிதான், நொடியில் முடிந்துவிடும். இதையே நம்பி முழு கேமையும் பென்டிரைவில் போட்டு ஆடலாமா என்று கேட்டால், அதற்கு ஓப்பன் பிஎஸ்2 லோடர் என்ற புரோகிராம் இருக்கிறது, ஆனால் இந்த போர்ட் யுஎஸ்பி 1.1, வேகம் அதிகபட்சம் 12 மெகாபிட். வீடியோ காட்சிகள் திக்கித் திக்கி ஓடும்.

திரும்பும் வழியும் இதேதான்: கார்டில் சேவ் ஃபோல்டர் மேல் நின்று காப்பி, மாஸுக்குள் போய் பிஎஸ்யூ பேஸ்ட். பென்டிரைவில் ஒரே பிஎஸ்யூ ஃபைலாக வந்துவிடும், கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.